சாவி என்ற சொல் வராத நாவல்

உச்சினிமாகாளி தெருவில் முதல் பூட்டு சுடலைவடிவு வீட்டு அரிசி டிரம்மில் விழுந்தது, விழுந்த நேரம் நல்ல உச்சி வெயில், தெருவில் பாதிப் பொம்பளைகள் அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள், டக் என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டது, பூனையாக இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள், பூனை டக்குன்னா கத்தும் என்று இன்னொருத்தி கேட்டாள், அதோடு விட்டுவிட்டார்கள், ஏனென்றால் சுற்றுகிற கை நின்றால் திரும்ப ஓட்டம் பிடிக்க நேரமாகும், பீடிக்கடைக்காரர் சத்தம் கேட்டதற்கெல்லாம் கூலி தரமாட்டார்.

சாயங்காலம் அரிசி எடுக்கப் போன சுடலைவடிவு, டிரம் வாயில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்குவதைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம், முகத்தில் மயில் செதுக்கியது, இந்தக் காலத்துக் கடையில் கிடைக்காத சாமான். யார் போட்டது என்று மகனைக் கேட்டாள், மகன் மருமகளைப் பார்த்தான், மருமகள் அழுதாள், அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் புரோட்டா தின்றார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருத்தி மட்டும் சுற்றக் கூடாது, வாசிக்க வேண்டும். அவள் பங்குப் பீடியை மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி கூடச் சுற்றி அவள் சுளகில் போட்டுவிடுவார்கள். ரேடியோ வைத்துப் பார்த்தார்கள், எதிர்க்கேள்வி கேட்டால் ரேடியோ நிற்காது. டிவி வைத்தால் கண் அங்கே போய்விடும், பீடி கோணும். அதனால் வாசிப்புதான். முன்பெல்லாம் செம்பகம் வாசித்தாள். அவள் நெஞ்சில் சளி கட்டி இருமி இருமிச் செத்துப்போன பிறகு அவளுடைய சின்ன மகள் முப்பிடாதி வாசிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறவில்லை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். படிப்பு ஏறியது. அம்மா செத்த வீட்டில் சோறு பொங்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம், இதில் உச்சுக் கொட்ட ஒன்றும் கிடையாது.

வாசிக்கிற புத்தகம் என்றைக்கும் ஒன்றுதான். நவரத்தின பவனம். பெரிய நாவல், பழைய நாவல், படித்தவர்கள் எல்லாம் பேரைச் சொன்னாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாவல். அம்மா வைத்திருந்த பிரதியில் அட்டை கிடையாது, முன்பக்கங்கள் கிடையாது, ஓரமெல்லாம் புகையிலைத் தூள். மிராசுதார் ராஜகோபாலர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்புஜவல்லி படுகிற பாடுதான் கதை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், முப்பிடாதிக்கு இதுதான் முதல் சுற்று. அம்புஜவல்லியை அவர்கள் மூன்றாவது தெருவில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் போலப் பேசுவார்கள்.

டிரம்முக்கு அப்புறம் நகைப்பெட்டி, நகைப்பெட்டிக்கு அப்புறம் ஒரு வீட்டின் கொல்லைக் கதவு. முடிச்சைக் கண்டுபிடித்தது முப்பிடாதிதான். மிராசுதார் நெற்குதிருக்குப் பூட்டுப் போட்டார் என்று அவள் வாசித்த அன்று டிரம், நாத்தனார் நகைப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள் என்று வாசித்த அன்று தெருமுனை வீட்டு நகைப்பெட்டி, கொல்லைக் கதவுக்குப் பூட்டு விழுந்தது என்று வாசித்த அன்று தெருவில் கொல்லை என்று ஒன்று வைத்திருந்த ஒரே வீட்டின் கதவு, அந்த வீட்டு மாமனார் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார், அவரைச் சுவரேறி ஈரத்துண்டோடு தூக்க வேண்டியதாயிற்று.

அவளுக்கு இது சட்டென்று பட்டதற்குப் பள்ளிக்கூடம்தான் காரணம். பதினொன்றாம் வகுப்பில் இதே நாவல் துணைப்பாடம். பரீட்சையில் தமிழ் டீச்சர் கேட்டிருந்தார்: ‘நவரத்தின பவனம் நாவலில் பூட்டு என்னும் சொல் பயின்று வரும் இடங்களைச் சுட்டி, அதன்வழி ஆசிரியர் உணர்த்துவதை விளக்குக.’ மற்றப் பிள்ளைகள் பூட்டு என்பது குலமானம், பூட்டு என்பது பொறுமை என்று நோட்ஸில் இருந்ததை இறக்கினார்கள். முப்பிடாதி புத்தகம் முழுக்க ஒவ்வொரு பூட்டாகப் பின்னாலேயே போய்ப் பார்த்தவள். பூட்டு முதலில் சாமானில் விழுகிறது, அப்புறம் வாசலில், அப்புறம் வாயில்லாத மாட்டில், அதற்கப்புறம் மனுஷியில், இத்தனை பூட்டுப் போட்டவர் சாவி என்ற சொல்லை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை, மறந்துவிட்டாரா வேண்டாமென்று விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, என்று எழுதிக்கொடுத்தாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில் சுற்றி, கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்று போட்டு, முட்டையும் போட்டார்.

விஷயத்தை அவள் கொட்டகையில் சொன்னபோது யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. அப்படியா சங்கதி என்றார்கள். வாசிப்பதை நிறுத்தலாம் என்று முப்பிடாதி சொன்னாள். நிறுத்தியும் பார்த்தார்கள், விழுந்த பூட்டு விழுந்தபடி கிடந்தது, கொட்டகை எழவு வீடு மாதிரி இருந்தது, பீடி குறைந்தது. சங்கரன்கோவில் ரோட்டில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைதீன் பாயைக் கூட்டி வந்தார்கள். அவர் வளையம் நிறைய சாவியைப் போட்டுப் பார்த்தார், எந்தச் சாவியும் உள்ளே போனது, எந்தச் சாவியும் சுற்றியது, ஒன்றும் எதிலும் இடிபடவில்லை. கிரைண்டர் மெஷின் வைத்து அறுத்தார், பொறி பறந்தது, மயிலின் கழுத்தில் ஒரு கீறல் இல்லை. “இதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல தாயி” என்றார் அவர், “உள்ள ஒண்ணும் இல்லாததத் திறக்க எனக்குத் தெரியாது.” கூலி வாங்காமல் போய்விட்டார், அதுதான் முப்பிடாதியைப் பயமுறுத்தியது.

சுடலைவடிவு ஒரு முடிவு சொன்னாள். தெருவில் அவள் சொன்னால் எடுபடும், கொட்டகை அவளுடையது. “செம்பகம் வாசிச்சு நாம எத்தன தடவ கேட்டிருக்கோம். கடைசி அத்தியாயத்துல அம்புஜவல்லிக்குப் பிள்ளை பொறக்கும், மிராசுதார் மனசு மாறி சாவிக்கொத்தத் தூக்கிட்டு வந்து எல்லாத்தையும் திறந்துவிடுவாருல்லா. அப்ப இதுவும் திறக்கும். சீக்கிரம் வாசிச்சு முடிட்டி.”

அதற்கு அப்புறம் தெரு பூட்டோடு குடித்தனம் பண்ணப் பழகியது. காலையில் முப்பிடாதி வரும்போதே, இன்னைக்கு எதுலட்டி விழும் என்று கேட்பார்கள், அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வாள். வாசலில் விழும் என்றால் எல்லாரும் கதவைக் கீலோடு கழற்றி வேப்பமரத்தில் சாத்தி வைத்தார்கள், பூட்டு அதில் ஒரு கதவைத் தேடிப் போய்த் தொங்கியது, வீடு திறந்து கிடந்தது. தொழுவம் என்றால் மாட்டை ஓட்டி ஊருணிக் கரையில் கட்டினார்கள். மிராசுதார் தராசுக்குப் பூட்டுப் போட்டார் என்ற இடம் வந்த அன்று, பீடிக்கடை ஏஜெண்டு ஞானமுத்துவின் தராசில் விழுந்தது, இலையும் தூளும் எப்போதும் குறைத்து நிறுக்கிற தராசு அது, இப்போது அவர் கையால் அள்ளிக் கொடுக்க வேண்டியதாயிற்று, கை என்னவோ தராசைவிட யோக்கியமாக இருந்தது, பொம்பளைகள் அந்தப் பூட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள். வீணைக்குப் பூட்டு என்று ஒரு வரி வந்தது. தெருவில் வீணைக்கு எங்கே போக. அது கோயில் கொடைக்கு வில்லடித்து வில்லுப்பாட்டுப் பாடுகிறவரின் வில்லில் போய்த் தொங்கியது, அவர் கட்டைக் குரலில் வெறுமனே பாடிப் பார்த்தார், வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. பூ என்று சொல்ல உதடு குவியும்போதே அவளுக்குக் காது அடைத்துக்கொள்ளும், அந்த டக் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று முதுகு காத்திருக்கும். அவளுக்குத் தெரிந்த ஒன்று மற்றவர்களுக்குத் தெரியாது. அம்மா வாசித்த கடைசி அத்தியாயம் புத்தகத்தில் இல்லை. அம்மா பொய் வாசித்தாள். பள்ளிக்கூடத்துப் பிரதியில் கடைசிப் பக்கத்தைப் படித்த அன்றுதான் முப்பிடாதிக்கே அது தெரியும், வீட்டுக்கு ஓடிவந்து கேட்டாள், இருமலுக்கு நடுவே அம்மா, “ஆமாட்டி, உள்ளபடி வாசிச்சா இவளுக அழுவாளுக, கண்ணீர் பட்டா தூளு நமுத்துப்போவும், ஏஜெண்டு அத்தனையும் கழிச்சிருவான்” என்றாள். உள்ளபடி அந்தக் கடைசி வரி இதுதான்: பிரசவ வேதனையில் துடித்த அம்புஜவல்லியின் கர்ப்பத்துக்கு விதி பூட்டுப் போட்டது, தாயும் சிசுவும் பிரியாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

அவளுடைய அக்கா தங்கபுஷ்பம் அந்த வாரம்தான் பேறுகாலத்துக்கு வந்து இறங்கியிருந்தாள். தெருவில் வேறு கர்ப்பிணி யாரும் இல்லை. முப்பிடாதி தெரு முழுக்க நடந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டாள், இல்லை.

சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. “உங்கம்ம பொய் வாசிச்சாளா, நீ பள்ளிக்கூடத்துல பாதி படிச்சது நெசமா” என்றாள் சுடலைவடிவு. அக்காவே நம்பவில்லை. வயிற்றின் மேல் சுளகை வைத்துக்கொண்டு, “அம்மா வாசிச்ச கதைல எனக்கு என்னடி பயம், அதுல பிள்ளை நல்லாத்தான் பொறந்துச்சு” என்றாள். முப்பிடாதி ஒருநாள் வாசிப்புக்கு நடுவே, மிராசுதார் சாவியால் திறந்தார் என்று இல்லாத வரி ஒன்றைச் செருகினாள். அம்மாவின் குரலில், அம்மாவின் நிறுத்தத்தோடுதான் வாசித்தாள். எந்தப் பூட்டும் அசையவில்லை. பூட்டுக்கு அச்சில் இருப்பது மட்டும்தான் காது கேட்டது.

சாமான், வாசல், மாடு முடிந்து மனுஷியின் முறை வந்தது. துக்கத்தை நெஞ்சில் வைத்துப் பூட்டுப் போட்டாள் என்ற வரியை அவள் வாசித்த மறுநாள், கொட்டகையில் கூடச் சுற்றுகிற சொர்ணத்தின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தான். ஊரே கூடி ஒப்பாரி வைத்தது, சொர்ணம் பிணத்துக்குப் பக்கத்தில் கண்ணில் பொட்டுத் தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்றாள் மாமியார். சொர்ணம் மாமியாரின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள், மாமியார் கையை இழுத்துக்கொண்டாள், உள்ளே வட்டமாக ஓரிடம் ஜில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அம்மா மூச்சு விடுங்க, என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து யாரும் சந்தனம் வைக்கவில்லை.

அடுத்த பூட்டு வாய்க்கு. மாமியார் சொன்ன சொல்லில் அம்புஜவல்லியின் வாய்க்குப் பூட்டு விழுந்தது, என்று இருந்தது வரி. முப்பிடாதி முந்தின நாளே முடிவு செய்துவிட்டாள், அந்த வரியை முழுங்கிவிடுவது, யாருக்கும் சொல்லாமல் முழுங்குவது.

அவள் பக்கத்தில் வெயிலா அத்தை உட்கார்ந்திருந்தாள். முழுப்பேர் வெயிலுகந்தாள். செம்பகத்தின் கூட்டாளி, அந்தக் கொட்டகையில் எப்போதும் செம்பகத்தின் வலது பக்கம் அவள் இடம், இப்போது மகளின் வலது பக்கம். அவள் வாய்க்குப் பயந்து ஏஜெண்டு ஞானமுத்து எதிர்ச்சாரியில் நடப்பார். தெருவில் பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் முதல் கேலி அவள்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பெற்றவளுக்கு வருத்தம். செம்பகம் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு எண்ணெய் வைத்ததிலிருந்து தங்கபுஷ்பத்துக்கு வளைகாப்பு போட்டது வரை அவள்தான்.

“மாமியார் சொன்ன சொல்லில் அம்புஜவல்லி பேசாமல் இருந்தாள்” என்று முப்பிடாதி வேகமாக வாசித்துப் பக்கத்தைத் திருப்பினாள்.

“ஏட்டி, நில்லு” என்றாள் வெயிலா அத்தை, கை நிற்காமல். “பாதில ஓடிவந்த கலெக்டரு, புஸ்தகத்தையுமா பாதியா வாசிப்ப. பேசாம இருந்தாளாம்லா. உங்கம்ம அந்த எடத்துல ஒரு மூச்சு விட்டு வாசிப்பா, கேட்டா மயிரு சிலிர்க்கும். அம்புஜவல்லியின் வாய்க்குப் பூட்டு விழுந்தது.”

டக்.

அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தை முப்பிடாதி கேட்டதில்லை. திரும்பினாள். புளியங்கொட்டை அளவு ஒரு பித்தளைப் பூட்டு, மயில் இருந்தது அதிலும், வெயிலா அத்தையின் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கியது. ரத்தம் இல்லை. அவள் கை ஒரு பீடியைச் சுற்றி முடித்து, நூல் கட்டி, சுளகில் வைத்தது, அதற்கப்புறம்தான் அது வாய்க்குப் போனது.

தெரு இதற்கும் பழகியது. இளநீர் கடையிலிருந்து ஸ்ட்ரா கொண்டுவந்தார்கள், வாய் ஓரத்தில் செருகிக் கஞ்சித்தண்ணி உறிஞ்சினாள், கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு எழுந்தது. அவள் புருஷன் கோமதிநாயகம் வாழ்நாள் முழுக்க இவ வாய் ஒருநா மூடாதா என்று கும்பிட்ட மனுஷன், முப்பிடாதி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். “அவ ஏசாம எனக்குச் சோறு எறங்கல மக்கா” என்றார். “மீதியவும் வாசிச்சுரு. திறந்துரும்லா.”

முப்பிடாதி புத்தகத்தை அடுப்பு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். எரித்தால் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது. எரித்தால் அத்தையின் வாய் அப்படியே கிடக்கும், கஞ்சித்தண்ணியில் ஒரு ஆள் எத்தனை காலம் ஓட்ட முடியும். ஒருவேளை அம்மாவுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அச்சடித்தவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒருவேளை கடைசிப் பூட்டு விழுந்தால்தான் எல்லாம் திறக்குமோ என்னவோ, ஒருவேளை, ஒருவேளை. யோசித்து யோசித்து அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறலாமென்றால், வில்லையே தேடிப்பிடித்த பூட்டுக்குக் கர்ப்பிணியைத் தேடிப்போகத் தெரியாதா. சுடலைவடிவு ஆள் அனுப்பிவிட்டாள். நீ வாசிக்காட்டா புஸ்தகத்தைக் குடு, எம் மருமவ பிளஸ் டூ, அவ வாசிப்பா. அந்த மருமகள் எழுத்துக்கூட்டி ஒன்றுவிடாமல் வாசிக்கிறவள். வேறு கையில் புத்தகத்தைக் கொடுப்பதைவிடத் தன் கையில் இருப்பது மேல் என்று முப்பிடாதி கொட்டகைக்குப் போனாள்.

அன்றைக்குத் தெருவே வந்திருந்தது. ஆம்பளைகள் கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். வில்லடிக்கிறவர் பூட்டோடு வில்லைத் தூக்கி வந்திருந்தார், சுடலைவடிவு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தியிருந்தாள், சொர்ணம் நெஞ்சில் கையை வைத்து மூலையில் இருந்தாள். தங்கபுஷ்பம் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, இந்தக் கூத்தைப் பார்க்க வந்தவள் போலத் தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தாள். வெயிலா அத்தை வலது பக்கம்.

முப்பிடாதி வாசித்தாள். மெதுவாக வாசித்தாள், ஒவ்வொரு வரியையும் இழுத்து வாசித்தாள், அம்புஜவல்லிக்கு வலி கண்டது, மருத்துவச்சியை அழைக்க மிராசுதார் சம்மதிக்கவில்லை, விளக்கில் எண்ணெய் குறைந்தது, எட்டத்தில் கடைசிப் பக்கத்தின் அடியில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது, அதை நோக்கி வரி வரியாக இறங்குவது பாசி பிடித்த படியில் இறங்குவது போல இருந்தது. அப்போது தங்கபுஷ்பம், ஸ், என்றாள். சிரிப்பு போய்விட்டது. சுளகு மடியிலிருந்து சரிந்தது.

“வலியா” என்றாள் சுடலைவடிவு. “நல்ல சகுனம். ரெண்டும் ஒண்ணா நடக்கப்போவுது. வாசிட்டி, நிறுத்தாத.”

“மாட்டேன்” என்றாள் முப்பிடாதி. புத்தகத்தை மூடினாள். “இதுல பிள்ளை பொறக்கல பெரியம்மை. சத்தியமா பொறக்கல. கடைசிப் பூட்டு வயித்துல விழுது.”

“செம்பகம் வாசிச்சது அப்ப என்னது.”

“அது அம்மா சொன்னது.”

“குடு இங்க. எங்கட்டி எம் மருமவ.”

மருமகள் எழுந்து வந்தாள், கையை நீட்டினாள். முப்பிடாதி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தாள். அவளுக்கு வலது பக்கத்திலிருந்து வேறொரு கை வந்து புத்தகத்தைப் பிடுங்கியது. வெயிலா அத்தை.

அவ்வளவுதான் என்று நினைத்தாள் முப்பிடாதி. இந்தக் கூட்டத்திலேயே பூட்டுத் திறக்க வேண்டியது யாருக்கு என்றால் இவளுக்குத்தான், இவள் தரமாட்டாள், இவள் வாசிக்கச் சொல்வாள்.

வெயிலா அத்தை எழுத்துத் தெரியாதவள். புத்தகத்தைத் தலைகீழாகத்தான் பிடித்தாள். செம்பகம் உட்கார்கிற மாதிரி ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள், செம்பகம் மாதிரி முந்தானையால் வாயைத் துடைத்தாள், பூட்டு ஆடியது, இருமுகிற மாதிரி தோளைக் குலுக்கினாள், ஒருத்தி தன்னை அறியாமல், செம்பகம்தான் இது, என்றாள். ஒரு பக்கத்தைக் கண்ணால் ஓட்டினாள், திருப்பினாள். இன்னொன்றை ஓட்டினாள், திருப்பினாள். அப்புறம் ஒரு விரலைத் தூக்கி எல்லாரையும் பார்த்தாள், கடைசி அத்தியாயம் என்று விரல் சொன்னது, கண்ணை மூடினாள். கண்ணை மூடிக்கொண்டே தலையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் வாசித்தாள். பக்கம் திரும்பவில்லை. கை பக்கத்தின் மேலே கிடந்தது, திரும்பவேயில்லை.

கொட்டகையில் பீடி சுற்றுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்ததுதான். கடைசி அத்தியாயத்தில் செம்பகம் கண்ணை மூடுவாள், உருகி வாசிக்கிறாள் என்று இவர்கள் நினைத்தார்கள். கண்ணை மூடினவள் எதை வாசித்தாள் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. பக்கத்திலேயே இருந்த வெயிலா அத்தைக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது, கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தங்கபுஷ்பம் இப்போது சத்தமாக அழுதாள், வலியில் பாதி, பயத்தில் பாதி. “அம்மா பொய்யா சொன்னா” என்று கேட்டாள்.

வெயிலா அத்தை கண்ணைத் திறந்தாள். மடியில் கிடந்த இலை வெட்டுகிற கத்திரியை எடுத்தாள். முப்பிடாதிக்குப் புரிந்தது, “அத்தை, உங்க வாயி” என்றாள். அத்தை அவளைப் பார்த்த பார்வையில், சும்மா கெட மூதி, என்று இருந்தது. கடைசி அத்தியாயத்தைக் கொத்தாகப் பிடித்துக் கிழித்தாள், இலையை நறுக்குவது போல நீளவாக்கில் நறுக்கினாள், குறுக்கே நறுக்கினாள், பொடியாக நறுக்கினாள், எழுத்து எழுத்தாகப் பிரியும் வரை நறுக்கித் தூளோடு சேர்த்துப் பிசைந்து, ஒரு இலையில் வைத்துச் சுற்றி, நுனியை நகத்தால் மடக்கி, நூல் கட்டி, சுளகில் வைத்தாள். அடுத்த இலையை எடுத்தாள்.

கோமதிநாயகம் வெளியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சுடலைவடிவு டிரம்மைப் பார்த்தாள், தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், மூச்சு வாங்கியது அவளுக்கு. “சவம், பூட்டியே கெடக்கட்டும்” என்று டிரம்மைக் காலால் எத்திவிட்டு, தன் கத்திரியை எடுத்தாள். “மிச்சப் புஸ்தகத்தையும் இங்க தள்ளுட்டி. ஒரு துண்டு இருக்கக் கூடாது. ஏ, யாராச்சும் ஆட்டோவக் கூப்பிடுங்க.”

முப்பிடாதி அக்காவை ஆட்டோவில் ஏற்றித் திரும்பிப் பார்த்தபோது எல்லாப் பொம்பளைகளும் குனிந்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள், சொர்ணமும் நறுக்கினாள், அழாமல் நறுக்கினாள். வழியெல்லாம் முப்பிடாதி டக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்பக்கம் ஏதோ கழன்று டக் என்றது, அவளுக்கு உயிர் போய் வந்தது, டிரைவர் ஒன்றுமில்லை ஸ்டெப்னி என்றான்.

பிள்ளை பிறந்தது. பொட்டைப் பிள்ளை, பெரிய தலை, இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

பீடிக்கட்டில் ஒன்றை ஏஜெண்டு ஞானமுத்து வழக்கம்போல் பிரித்துப் பார்த்திருக்கிறார், தூளுக்குள் கறுப்புக் கறுப்பாகத் துணுக்கு, என்ன இது என்று கேட்டிருக்கிறார், மசாலா என்று சுடலைவடிவு சொன்னாளாம், தராசு பூட்டிக் கிடக்கிற மனுஷன் அதற்குமேல் பேசவில்லை. லேபிள் ஒட்டி லாரியில் போய்விட்டது. எங்கேயோ பேர் தெரியாத ஒரு ஊரில், பிள்ளைத்தாச்சி யாரோ வீட்டு வாசலில், எவனோ ஒருத்தன் தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து அதை நெஞ்சுக்குள் இழுப்பான், இழுத்துவிட்டு வீட்டுக்குள் போவான் என்று நினைத்தால் முப்பிடாதிக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. யாரிடம் சொல்வது, எந்த ஊர் என்று சொல்வது. தெருவில் பூட்டு எல்லாம் விழுந்தபடிதான் கிடக்கிறது. வேறு புத்தகம் வாங்கலாம் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிள்ளை பார்க்கத் தெருவே வந்தது. பிள்ளையைக் கையில் வாங்கியும் யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் வெயிலா அத்தை முதல் கேலி சொல்லாமல் மற்றவர்கள் பேசுகிற வழக்கம் இல்லை. வெயிலா அத்தை வந்தாள். நடையே மெலிந்திருந்தது. பிள்ளையை மடியில் வாங்கி, குனிந்து முகத்தைப் பார்த்தாள், உதட்டில் தொங்கிய பூட்டு பிள்ளையின் கன்னத்தில் பட்டது. தங்கபுஷ்பம் பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டாள், அத்தையிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கை அந்தரத்தில் நின்றது. பிள்ளை அந்தப் பூட்டை மூடின கையால் பிடித்துக்கொண்டது. எல்லாரும் பூட்டையே பார்த்தார்கள். திறக்கவில்லை.

முப்பிடாதி அத்தையின் பக்கத்தில், இடது பக்கம், போய் உட்கார்ந்தாள். பூட்டைப் பார்ப்பதை விட்டு முகத்தைப் பார்த்தாள். ஒட்டிப்போன கன்னம், அதற்கு மேலே அந்தக் கண், இடது புருவம் லேசாக ஏறியிருந்தது, மூக்கு ஓரம் சுருங்கியிருந்தது. எத்தனை தடவை பார்த்த முகம். தொண்டையைச் செருமினாள், பயமாகத்தான் இருந்தது, வாசிக்க ஆரம்பிக்கும்போது இருக்கிற அதே பயம்.

“அத்தை சொல்லுதா” என்றாள், “மூக்கப் பாரு, அப்படியே அப்பன் மூக்கு. மழை வந்தா ரெண்டு பேரு ஒதுங்கி நிக்கலாம்னு.”

சுடலைவடிவுதான் முதலில் சிரித்தாள். வெயிலா அத்தையின் தோள் குலுங்கியது, பூட்டு பிள்ளையின் கையோடு சேர்ந்து ஆடியது. பிறகு அவள் முப்பிடாதியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள், இல்லை என்று தலையை ஆட்டினாள், மூன்று விரலை விரித்துக் காட்டினாள்.

“மூணு பேராம்” என்றாள் முப்பிடாதி.